களிம்பு ஏறிய கிட்டார்

ராயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் நாங்கள் ஐந்து பேர். நான்தான் பாடகி. இரண்டு பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், மாப்பிள்ளையின் தம்பி மேடையில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் எங்கள் எலெக்ட்ரிக் கிட்டார். தந்திகளை நிமிண்டிக்கொண்டிருந்த விரல்களில் பிரியாணி நெய் மின்னிக்கொண்டிருந்தது.

கிட்டார் வாசிக்கிறவர் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார்.

“இன்னா நைனா, துன்ன கையா அது?”

“சும்மா பாத்தேன் அண்ணே.”

“பாக்கறதுக்குக் கண்ணு கீது. கைய இன்னாத்துக்கு வெக்கிற? எறங்கு.”

அவன் இறங்கினான். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒவ்வொரு தந்தியாகத் தூக்கி, அதன் அடியில் துடைக்க ஆரம்பித்தார். கூடம் நிறைய ஜனம் காத்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வந்து முதலில் கெஞ்சினார், பிறகு அதட்டினார். “வாசிக்கிறியா இல்லியாப்பா?”

“தொடச்சிட்டு வாசிக்கறேன். அவசரம்னா உம் புள்ளைய வாசிக்கச் சொல்லு.”

அந்தக் குடும்பத்தார் அதன் பிறகு எங்களை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. அவரோ அதைப் பற்றிக் கவலைப்பட்டவரே இல்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தால், “எம் பேர எழுத நீ யாரு?” என்று கேட்டிருப்பார். என்னைப் பார்த்து அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவொற்றியூரில், சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் வேலை. அவர் பிளேட்டிங் ஷாப்பில் இருந்தார். ஹேண்டில்பார்களைக் குரோம் தொட்டியில் முக்கியெடுத்துப் பளபளக்க வைக்கிற இடம் அது. நான் ஆபீசில் டைப்பிஸ்ட். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து, பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் நான் பாடுவதைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் பூசை முடிந்ததும் வாசலில் நிறுத்தி, “நாளைக்கு ரிகர்சலு. வந்துடு” என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறாயா என்று கேட்கவில்லை.

நான் மேடையேறிய இரண்டாவது கச்சேரியில், குடித்துவிட்டு வந்த ஒருவன் முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்து அசிங்கமாக ஒன்று சொன்னான். நான் கேட்காதது போலப் பாடிக்கொண்டே இருந்தேன். கிட்டார் நின்றுவிட்டது. அவர் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு மைக்கில் சொன்னார். “அந்தாளு வந்து இந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கற வரிக்கும் பாட்டு கெடையாது.” கேட்டான். கேட்ட பிறகும் அவர் கோபம் தீரவில்லை. திரும்பி என்னைத் திட்டினார். “நீ இன்னாமே, காது செவுடு மாதிரி பாடிகினு கீற? அவன் பேசுனா நிறுத்து. வாய மூடிகினு இருந்தா அப்புறம் ஆயுசுக்கும் மூடிக்கினுதான் இருக்கணும்.”

அவர் சொன்னது எத்தனை சரி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த கிட்டார் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் சமையல்காரனிடமிருந்து வாங்கியது. சிவப்பு உடம்பு, ஈட்டி மரம் போலக் கறுத்த கழுத்துப் பலகை. அந்தப் பலகையின் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். விரலால் தந்தியை அவற்றின் மேல் அழுத்தினால்தான் சுரம் பிறக்கும். மொத்தம் இருபத்தொரு ஃப்ரெட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அந்த இருபத்தொன்றையும் சுத்தம் செய்வார். நாங்கள் ரிகர்சலுக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து காத்திருப்போம்.

ஆறு தந்திகளையும் தளர்த்திக் கழற்றிச் சுருட்டித் தட்டில் வைப்பார். ஒலியை வாங்குகிற காந்தத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவார், இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க. கம்பெனியில் எல்லாருக்கும் காசநோய்ச் சோதனை நடந்தபோது எடுத்த அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே ஃபிலிமில், ஒரு ஃப்ரெட் அளவுக்கு நீளத் துளை வெட்டி வைத்திருந்தார். அதைப் பலகை மேல் வைத்தால் உலோகம் மட்டும் வெளியே தெரியும், மரத்தில் கீறல் விழாது. மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து, பிறகு ஷாப்பிலிருந்து கொண்டுவந்த பச்சை பாலிஷ் கட்டியைக் கம்பளித் துண்டில் தடவி மெருகேற்றுவார். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் ஒருவரைத் திட்டுவார். ஃபோர்மேன், ரேஷன் கடைக்காரன், மச்சான், எங்கள் டிரம்ஸ்காரன். மரத்துக்குக் கடைசியில் இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய். ஊறவிட்டுத் துளி மிச்சமில்லாமல் துடைத்துவிடுவார்.

டிரம்ஸ்காரன் ஒரு தடவை, “ஏண்ணே, தேங்காண்ணெ தடவுனா இன்னா?” என்று கேட்டுவிட்டான்.

“தடவுடா. அப்டியே சடை பின்னிப் பூவும் வெச்சி வுடு. கஸ்மாலம், இது இன்னா தலையா?”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து சொல்லுவார்: “கிட்டாருக்கு எண்ணெ தேச்சி வுடறாரு மகராசன். எனக்கு ஒரு நாளு முதுகு தேச்சி வுட்டிருப்பாரா கேளும்மே.” அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அந்த வீட்டில் அவருக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்காதான்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், ஃப்ரெட்டில் களிம்பு ஏற ஆரம்பித்தது. ஞாயிறு மெருகு போட்டால் புதன்கிழமை பச்சை பூத்துவிடும். தந்திகள் வாரத்துக்கு ஒன்று தெறிக்கும். கடல்காற்றின் உப்பு என்றார். துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூள் என்றார். கிட்டாரை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அப்போதும் பச்சை. பிறகு வீட்டில் ஆளாளுக்குக் குற்றம் சாட்ட ஆரம்பித்தார். பிள்ளைகள் தொட்டார்கள், மச்சான் தொட்டான், நாங்கள் தொட்டோம். அவரோடு ஒரு அறையில் உட்காரவே எனக்கு வெறுப்பாக இருந்த நாட்கள் அவை.

ஒரு ஞாயிறு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்தார். முதல் ஐந்து ஃப்ரெட்டும் பச்சை. மரத்தில் மஞ்சள் திட்டு.

“சாவிய எப்ப எட்த்த?” என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். “நான் தூங்கசொல்ல எட்த்தியா? உண்மைய சொல்லுடி!”

அக்கா கொடியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை உருவி, சொம்புத் தண்ணீரில் நனைத்தார். அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்து, விரல் விரலாக அழுத்தித் தேய்த்தார். துணியை அவர் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தார். மஞ்சள்.

“இப்ப சொல்லு. யாரு தொட்டது?”

அப்போதுதான் நான் அவர் கையைச் சரியாகப் பார்த்தேன். விரல் முட்டிகளின் மேல், குண்டூசித் தலை அளவில், ஆழமாகத் துளையிட்டதுபோல மூன்று குழிகள்.

“வலிக்காது,” என்றார். அத்தனை தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. “ஷாப்புல எல்லாருக்கும் கீது.”

மறுநாள் ஷாப்பில் அவரோடு வேலை செய்த பத்துப் பேரையும் நிறுத்திவைத்துக் கையைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரைத் தவிர எல்லாருக்கும் குழிகள். ஒருவனுக்கு மூக்கின் நடுச்சுவரிலேயே ஓட்டை விழுந்திருந்தது. தொட்டியிலிருந்து எழும்பும் ஆவியும், தெறிக்கும் அமிலமும். கையுறை கிடையாது. குழாய் கிடையாது. ஷிஃப்ட் முடிந்தால் பஞ்சு வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை போய்விடும் என்று பயந்து ஆளாளுக்கு மறைத்து வைத்திருந்தார்கள்.

அவர் நேராக ஆபீசுக்கு வந்தார். என் மேசையைத் தாண்டி மானேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

“கையுறை வோணும் சார். கொழாத் தண்ணி வோணும். சோப்பு வோணும்.”

மானேஜர் சிரித்தார். “கிட்டார் வாசிக்கிறவருக்குக் கை மெத்துன்னு இருக்கணுமாக்கும்?”

“மெத்துன்னு வாணாம் சார். கையா இருந்தா போதும்.”

கம்பெனி டாக்டர் வாரம் இரண்டு நாள் வருவார். இவர் கையைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். குரோமிக் அமிலத்தால் வந்த புண்கள். கையுறையும் ஓடும் தண்ணீரும் உடனே தேவை. இவரைத் தொட்டி வேலையிலிருந்து மாற்ற வேண்டும். நல்ல மனிதர்தான். அந்தச் சீட்டை எழுதுகிற வரைக்கும் நல்ல மனிதர்.

இவர் கொண்டுபோய்க் கொடுத்த அந்தச் சீட்டை மானேஜர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நோட்ட எடும்மா.” சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எழுதினேன். தொழிலாளிக்கு இருப்பது பரம்பரைத் தோல் வியாதி. அவர் செய்யும் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

“சார், டாக்டர் எழுதினது வேற...”

“டாக்டர் கையெழுத்துப் போடுவார். உன்னை இன்னும் நிரந்தரம் பண்ணல இல்ல? போய் டைப் அடி.”

அடித்தேன். வியாழக்கிழமை டாக்டர் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பழைய சீட்டு குப்பைக் கூடைக்குப் போனது. மத்தியானம் மானேஜர் சாப்பிடப் போனபோது அதை எடுத்து என் சுருக்கெழுத்து நோட்டில் செருகிக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. தைரியத்தால் எடுக்கவில்லை. அது மட்டும் தெரியும்.

எங்கள் கிட்டார்காரர் கைக்குப் போன அந்தக் கடிதத்தின் கீழே, டைப் அடித்தவரின் முதலெழுத்துகள் சின்னதாக இருக்கும். அவர் அதைப் பார்த்திருப்பார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் எங்கள் கச்சேரி. காலையில் வேலை, மதியம் பூஜை, சாயங்காலம் பாட்டு. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தது. முதலாளி குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மானேஜர். பூஜைக்குக் கூப்பிட்டும் வராமல் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், பஞ்சு வேஸ்டில் துடைத்த கையோடு மேடையேறினார். கிட்டார் மட்டும் கண்ணாடிபோல இருந்தது. காலையில் வரும்போதே மெருகு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மூன்று பாட்டு பாடினேன். எப்போதையும்விட நன்றாக வாசித்தார். மூன்றாவது முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“மொதலாளி, ஒங்க கைக்குட்டய கொஞ்சம் குடுங்க.”

ஏதோ வேடிக்கை என்று நினைத்து முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். வெள்ளைக் கைக்குட்டை. அவர் அதைக் கழுத்துப் பலகையின் மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒரு தடவை ஓட்டினார். விரித்துத் தூக்கிக் காட்டினார். மஞ்சளும் பச்சையும். நடுவில் கொஞ்சம் ரத்தம்.

“காலைல இத பளபளன்னு எட்த்தாந்தேன். மூணு பாட்டு வாசிச்சதுக்கு இது. இது மரம், இரும்பு. இதுக்கு வலிக்காது. வாரத்துக்கு ஒருக்கா தேச்சா புதுசாய்டும். எங்க கைய எதப் போட்டு சார் தேய்க்கறது?” கைக்குட்டையை மானேஜர் பக்கம் திருப்பினார். “பரம்பர வியாதின்னு லெட்டரு குட்த்துகீறாங்க. எங்கப்பன் காசிமேட்டுல கட்டுமரம் வலிச்சவரு. அவரு கைல காய்ப்பு இருந்திச்சி. ஓட்ட இல்ல. டேய், ஷாப்பு ஆளுங்கள்லாம் எழுந்து நில்லுங்கடா. கைய காட்டுங்க.”

நான்கு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். நான் மேடையில் அவருக்கு இரண்டடி தள்ளி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னையும் இந்த மேடையில் நிற்கவைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டுமா?

மறுநாள் அவருக்குச் சார்ஜ் ஷீட். அதையும் நான்தான் டைப் அடித்தேன். ஒழுங்கீனம், நிர்வாகத்தை அவமதித்தல்.

விசாரணை ஆபீசின் பின்னறையில் நடந்தது. அவருக்காகப் பேச யாரும் வரவில்லை. யூனியன்காரர்கள் போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும்போது இது வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவரே கேள்வி கேட்டார். சாட்சியாக என்னைக் கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் மானேஜர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டரு சீட்டு எய்தினாரா? நீ பாத்தியா?”

என் மடியில் கைப்பை. அதற்குள் நோட்டு. நோட்டுக்குள் சீட்டு.

“டாக்டர் சொன்னதைத்தான் டைப் அடிச்சேன்.”

“வேற சீட்டு எதுவும் இல்ல?”

“இல்ல.”

அவர் கத்துவார் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். கத்தவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “செரி, போ” என்றார். அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று வெகுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் வேலை போயிற்று. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். எங்கள் குழு கலைந்தது. காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் அவர் மூட்டை தூக்குகிறார் என்றும், லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் வீட்டுத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து பிளேட்டிங் ஷாப்பில் குழாய் போட்டார்கள். கையுறை கொடுத்தார்கள். அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்துவிட்டுப் போனதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இன்ஸ்பெக்டரை வரவழைத்தது, எழுந்து நின்ற அந்த நால்வரும் விடாமல் எழுதிய மனுக்கள். ஆனால் மானேஜர் மாலை போட்டுக்கொண்டு, தொழிலாளிகளுக்குக் கையுறை மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சுற்றறிக்கை சொன்னார். “தொழிலாளர் நலனில் நிர்வாகத்துக்கு என்றுமே உள்ள அக்கறை...”

அதுவரை எழுதிக்கொண்டே வந்தவள், ‘என்றுமே’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் மறுபடி சொன்னார். என் கை நகரவில்லை. பயத்தில் இல்லை. அத்தனை வருஷம் எங்கே கிடந்தது என்று தெரியாத கோபம், ஒரே மூச்சில் மேலெழுந்தது. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வெளியே வந்தேன். சாயங்காலமே கிட்டார்காரருடைய வக்கீலைத் தேடிப் போய்ச் சீட்டைக் கொடுத்தேன்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் கேட்டார்: “அப்ப விசாரணையில நீங்க சொன்னது பொய்?”

“ஆமா.”

“பொய் சொல்றவங்க நீங்க. இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்பறது?”

“நம்ப வேண்டாம். கைல இருக்கற சீட்டப் படிங்க சார். அது டாக்டர் கையெழுத்து. அந்தப் பொய்க்குத்தான் உங்க கம்பெனி என்னை நிரந்தரம் பண்ணிச்சு.”

படியிறங்கி வராந்தாவுக்கு வந்தேன். தூணோரம் அவரும் அக்காவும் நின்றிருந்தார்கள். மெலிந்திருந்தார். இடது கையின் மோதிர விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே,” என்றேன்.

“சீட்ட எப்ப எட்த்த?”

“அன்னிக்கே அண்ணே. டாக்டர் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே.”

“அன்னிக்கேவா?” குரல் எழும்பியது. “அப்போ விசாரணைல கேக்கசொல்ல உங்கிட்டதான் இருந்திச்சா? மடில வெச்சிகினு இல்லன்னியா? ரெண்டு வருஷம்மே! எம் புள்ளைங்க ரெண்டு வருஷம் இன்னா துன்னிச்சின்னு தெரியுமா? எவ்ளோ தபா ரோட்ல உன்னப் பாத்துகீறேன், மூஞ்சத் திருப்பிகினு போனியே, அப்பல்லாம் உன் வூட்ல கெடந்திச்சா அது?”

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “வுடுய்யா. இப்பவாச்சும் வந்திச்சே அந்தப் பொண்ணு.”

“வந்திச்சி. நல்லா வந்திச்சி.” என்னைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னார்: “நீ பாட்ற எடத்துல இனிமே நான் வாசிக்க மாட்டேன். போ.”

எனக்கும் கோபம்தான். வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். அப்பாவுக்கு மருந்து வாங்க வழி தெரியாமல் நின்றவள் நான். அதில் ஒன்றையாவது கேட்டாரா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடுவரை அழுதேன். அழுகையும் கோபத்தில் வந்ததுதான்.

கேஸ் ஜெயித்தது. வேலை திரும்பக் கிடைத்தது. தொட்டிப் பக்கம் விடாமல் ஸ்டோரில் போட்டார்கள். மடங்காத விரலை விட்டுவிட்டு மூன்று விரலால் வாசிக்கக் கற்றுக்கொண்டு, வேறு ஒரு குழுவில் சேர்ந்தார் என்று டிரம்ஸ்காரன் சொன்னான். அவர்களுடைய பாடகியும் அவரிடம் திட்டு வாங்கினாளாம். எனக்குப் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. நான் பாடுவதை விட்டேன்.

என் கல்யாணத்துக்கு அவர் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைத்தேன். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கல்யாணத்தன்று அக்கா மட்டும் வந்தார். வரிசையில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு வரமாட்டேன்னுட்டாரும்மா. எவ்ளவோ சொல்லிப் பாத்தேன்.”

“தெரியும்க்கா.”

“ஆனா ஒண்ணு. ஸ்டோர்ல, சர்ச்சுல, டீக்கடைல, யாரு கேஸப் பத்திக் கேட்டாலும் சொல்றாரு. அந்தப் பொண்ணு வந்து கோர்ட்டுல நின்னு சொன்னதாலதான் ஜெயிச்சேன், எட்த்து வெச்சிக் குட்த்திச்சி, ஆம்பளைங்களுக்கு இல்லாத தில்லு அதுக்கு இருந்திச்சின்னு. இன்னிக்கிக் காலைலகூட பக்கத்து வூட்டுக்காரர்கிட்ட சொல்லிகினு இருந்தாரு.”

அதன் பிறகு பல வருஷம் அவர் உயிரோடு இருந்தார். ராயபுரம் மார்க்கெட்டில் இரண்டு மூன்று தடவை எதிரெதிரே வந்திருக்கிறோம். ஊரெல்லாம் சொன்ன மனுஷன் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. மீன்கூடைக்காரிக்கு வழிவிட்டு ஒதுங்குகிறவர்போல ஒதுங்கி, அந்தப் பக்கம் போய்விடுவார்.